பதினேழாம் பக்கத்து அளவு

திங்கட்கிழமை, மதியம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் என் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த மூன்று வரியையும் எழுதி முடித்து அரை மணி நேரம் ஆகிறது. நாலாவது வரி வராமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேனே என்று குழம்ப வேண்டாம். தங்கச்சி பிரித்துவிடக் கூடாது. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் அவள்தான் எடுத்தாள். "என்னண்ணே, குரலே ஒரு மாதிரியா இருக்கு, சளி புடிச்சிருக்கா?" என்று கேட்டாள். ஆமாம், சளிதான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய புத்தகம் போன வாரம் வந்து சேர்ந்தது. தொழிற்சாலை எரிப்புக் கருவிகளுக்கான இருபது ஆண்டு ஆராய்ச்சித் திட்டம், வரைவு என்று அட்டையில் போட்டிருந்தது. உள்ளே உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "மச்சான், நம்ம பாய்லர் பதினேழாம் பக்கத்துல வருது, பாருங்க." என் வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அட்டை ஆலை பாய்லர்காரன் புத்தகத்தில் வந்துவிட்டான் என்று எதிர்வீட்டுத் தையல்காரர் எழுந்து நின்று கை கொடுத்தார். நானும் இளித்துக்கொண்டே வந்து பதினேழாம் பக்கத்தைத் திறந்தேன். அன்றிலிருந்து என் தட்டில் போட்ட சோற்றை வீட்டுக்காரி அப்படியே எடுத்து மூடி வைக்கிறாள்.

இருபது வருஷத்துக்குப் பிறகு நெருப்பு எப்படி எரிய வேண்டும் என்று இன்றைக்கே உட்கார்ந்து யோசிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அதில் ஒருவர் என் தங்கச்சி வீட்டுக்காரர் என்று எனக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் இதைச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் இருக்கிற அளவு பொய். பொய்யாக்கியவன் நான்.

நீங்கள் உருவாக்கி நம் பாய்லரில் பொருத்தின பர்னரின் குணம் உங்களுக்குத் தெரியாததா? நீராவி நிறையக் கேட்கும்போது தங்கமான பிள்ளை. பழைய பர்னரைவிட எரிபொருள் குறைவு, புகையும் சுத்தம். ஆனால் ஆலையில் வேலை குறைந்து, தீயைக் குறைத்தால் அடம் பிடிக்கும். ஜுவாலை விட்டு விட்டு மூச்சு வாங்கும். சரியாக எரியாமல் அந்த கார்பன் மோனாக்சைடு ஏறும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள் இங்கே மூன்று நாள் சோதனைக்கு வந்தீர்களே, இரண்டாம் நாள் குறைந்த தீயில் இருநூற்றுப் பத்து காட்டியது. நூறுக்கு மேல் போகக் கூடாது. இந்தத் தடவையும் தோற்றால் ஆராய்ச்சியையே மூடிவிடச் சொல்லி உங்கள் இயக்குநர் உத்தரவு போட்டிருந்தார். ஆறு வருஷ உழைப்பு. நீங்கள் பாய்லர் அறைக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாமல் உங்கள் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று சாயந்திரம் தங்கச்சி எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, இவரு ரெண்டு மாசமா சரியாத் தூங்கறதே இல்ல. இதுவும் போச்சுன்னா என்ன பண்ணிக்குவாரோன்னு பயமா இருக்கு. நீ பக்கத்துலயே இரு" என்று அழுதாள்.

பக்கத்திலேயே இருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்.

புகைபோக்கியில் நீங்கள் குழாயை விட்டு வாயுவை இழுத்தீர்களே, அந்தத் துளைக்கு ஓரடி கீழே பழைய வெப்பமானி மாட்டியிருந்த ஓட்டை ஒன்று உண்டு. மரை போட்ட ஒரு அடைப்பு அதை மூடியிருக்கும். மூன்றாம் நாள் நீங்கள் தீயைக் குறைக்கச் சொன்னதும், பின்பக்க ஏணியில் ஏறி அந்த அடைப்பைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புகைபோக்கி ஓட்டை வழியாக வெளிக்காற்றை உறிஞ்சியது. நேர் மேலே இருந்த உங்கள் குழாய்க்குள் போனது ஒரு பங்கு புகை, இரண்டு பங்கு அறைக்காற்று. மீட்டர் அறுபத்தெட்டு காட்டியது.

காற்று கலந்தால் ஆக்ஸிஜன் அளவு காட்டிக்கொடுத்திருக்கும் என்பீர்கள். நீங்கள் கொண்டுவந்த அளவுப் பெட்டியில் ஆக்ஸிஜன் பார்க்கும் பகுதி முதல் நாளே செத்துப் போனது நினைவில்லையா? "பாய்லர்லயே ஒரு மீட்டர் இருக்குல்ல மச்சான், அந்த அளவையே எடுத்துக்கலாம்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த மீட்டர் ஓட்டைக்கு ரொம்பக் கீழே, பாய்லரிலிருந்து புகை வெளியேறும் வாயிலேயே இருக்கிறது. மேலே நான் செய்த கலப்படம் அதற்கு எப்படித் தெரியும்? அது தெரிந்துதான் செய்தேன். இருபத்தாறு வருஷம் இந்த இரும்போடு குடித்தனம் நடத்தியவன் நான்.

அன்று காலை நீங்கள் பர்னரின் காற்றுத் தகடுகளைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தீர்கள். அதனால்தான் அளவு இறங்கியது என்று நினைத்து, குழந்தை மாதிரி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டீர்கள். அடைப்பு என் பையில் இருந்து உங்கள் நெஞ்சில் குத்தியிருக்கும்.

நான் நினைத்தது இவ்வளவுதான். இன்றைக்கு இவர் தப்பித்துக்கொள்ளட்டும், பின்னால் இன்னும் நாலு தடவை சோதிப்பார்கள், கோளாறு தானாகத் தெரியும், அப்போது சரிசெய்துகொள்வார்கள். ஆராய்ச்சி என்றால் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்று நினைத்துவிட்டேன். ஒரு தடவை சரி என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

இப்போது பதினேழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது? முதல் ஐந்து வருஷக் கட்டத்தில், குறைந்த தீயில் வரும் நச்சு வாயு என்ற ஆராய்ச்சியைக் கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். பக்கத்தில் "தீர்வு காணப்பட்டது, மேலும் ஆய்வு தேவையில்லை" என்று இருக்கிறது. அறையில் வாயு ஏறினால் அலறுகிற மணியையும் தேவையில்லை என்று எடுத்துவிட்டீர்கள். அங்கிருந்து ஒரு அம்புக்குறி கிளம்புகிறது. அடுத்த ஐந்து வருஷத்தில் இதைவிடப் பெரிய பர்னர், அதற்கடுத்த ஐந்தில் ஹைட்ரஜன் கலந்து எரிப்பது, கடைசியில் எல்லா ஆலைகளிலும் இதுவே. எல்லா அம்பும் என் சட்டைப்பையிலிருந்து கிளம்பியிருக்கிறது மாப்பிள்ளை.

முதல் ஆறு ஆலைகளில் பொருத்தியும் ஆயிற்றாமே. நம் இரண்டாம் ஷிப்ட்காரனை உங்களுக்குத் தெரியும், ரேடியோ. வாயை மூடவே மாட்டான் என்று நீங்கள் வைத்த பெயர்தான் அது. சோப்பு ஆலையில் இந்தப் பர்னரைப் பழகினவன் வேண்டும் என்று கேட்டபோது நான்தான் அவனைக் கைகாட்டினேன். நம் பாய்லர் அறைக்கு ஒரு பக்கம் சுவரே கிடையாது. அங்கே தரைக்குக் கீழே நாலு பக்கமும் அடைத்த அறை. போன மாதம் பார்த்தபோது, "தலைவலி உசுர வாங்குது, கண்ணாடி போடணும்போல" என்றான். நானும் போட்டுக்கொள் என்றேன். அது கண்ணாடித் தலைவலி இல்லை, வாயுத் தலைவலி என்று இப்போதுதான் புரிகிறது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை திட்டத்தில் குழு கையெழுத்துப் போடுவதாக எழுதியிருந்தீர்கள். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். ஆறு ஆலைக்கும் தந்தி மாதிரி ஒரு வரி அனுப்பி, தீயைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். யார் கேட்டாலும் பாய்லர்காரன் ஏமாற்றிவிட்டான் என்று என்னைக் காட்டுங்கள். மறுபேச்சுப் பேச மாட்டேன்.

தங்கச்சிக்கு என் ஆசிகள். பதிலை ஆலை முகவரிக்கே போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்


ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. கடிதம் என்று சொல்லக் கூடாது, நாலு வரி. "மச்சான், நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள். ஒரு அளவால் ஒரு திட்டம் நிற்பதும் இல்லை, விழுவதும் இல்லை. கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இதை யாரிடமும் பேச வேண்டாம்."

களைப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இது களைப்பு இல்லை. உங்கள் மேல் வந்த கோபத்தில் அந்த நாலு வரியைக் கசக்கி எறிந்தேன், பிறகு பொறுக்கி வந்து நீவி வைத்தேன். நீங்கள் வெறும் முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. நான் எழுதினதில் ஒவ்வொரு வரியும் உண்மை என்று படித்த உடனே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடைப்பு இருந்த இடம் தெரியும், மீட்டர் இருந்த இடம் தெரியும். கணக்குப் போட உங்களுக்கு ஒரு நிமிஷம் போதும். போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிழித்திருக்கிறீர்கள்.

அந்த ஒரு நிமிஷத்தில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தேன். தகட்டைத் திருப்பினதால் வந்த வெற்றி என்று இரண்டு வருஷமாக நம்பியிருந்தீர்கள். அதை வைத்துத்தான் இந்தக் குழுவில் நாற்காலி கிடைத்தது. பாவி நான் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன். ஆனால் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, வியாழக்கிழமை, ஒரு காரியம் நடந்துவிட்டது.

அன்று மழை. சோப்பு ஆலையில் பாதி இயந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள், அதனால் பாய்லர் குறைந்த தீயில் ஓடியது. மழைச்சாரல் மின்பலகை மேல் அடிக்கிறதே என்று ரேடியோ இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தியிருக்கிறான். நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன். காற்று வர வழியில்லாமல் தீ இன்னும் மோசமாக எரிந்து, புகைபோக்கி இழுக்காத புகை அறைக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. மதியம் நீராவி அழுத்தம் கேட்க மேலேயிருந்து போன் அடித்து அடித்து, எடுக்கவில்லை என்று ஒருவர் இறங்கிப் போயிருக்கிறார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இருந்தானாம். கையில் பேனா. மடியில் பதிவேடு. பன்னிரண்டு மணி வரைக்கும் எழுதியிருக்கிறான். கடைசி இரண்டு வரி எழுத்தாகவே இல்லை.

உயிர் இருக்கிறது. நேற்று மருத்துவமனைக்குப் போனேன். கண்ணைத் திறந்து பார்க்கிறான். என்னைப் பார்த்து "எத்தனை மணி?" என்றான். சொன்னேன். திரும்பவும் "எத்தனை மணி?" என்றான். நான் அங்கே இருந்த ஒரு மணி நேரமும் அதையேதான் கேட்டான். மூளைக்கு ரொம்ப நேரம் ஆக்ஸிஜன் போகவில்லை, எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் மணி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஆலையில் விசாரணை முடிந்து அறிக்கையும் வந்துவிட்டது. அவ்வளவு வேகம். அவளுக்கு அந்த ஆபீஸ் பாஷை புரியவில்லை. "அண்ணே, நீங்க படிச்சுச் சொல்லுங்க, அவரு மேல ஒண்ணும் தப்பில்லன்னுதானே போட்டிருக்கு?" என்று என் கையில் கொடுத்தாள். படித்தேன். இந்தப் பர்னர் குறைந்த தீயிலும் ஆபத்தான வாயுவை வெளியிடுவதில்லை என்பது ஆய்வில் நிரூபிக்கப்பட்டுள்ளது, ஆகவே கருவியில் குறை இல்லை, ஜன்னலைச் சாத்தியதும் தீயைச் சரியாகக் கவனிக்காததும் ஆபரேட்டரின் அலட்சியம் என்று போட்டிருந்தது. அடியில் ஆதாரமாக உங்கள் திட்டத்தின் பெயர், பக்கம் பதினேழு. என் அறுபத்தெட்டை நானே என் வாயால் அவளுக்குப் படித்துக் காட்டினேன். எழுத்து மங்கலாக இருக்கிறது, வீட்டில் வைத்துப் படித்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி எழுந்து ஓடி வந்தேன். மருத்துவமனை மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

ஒரு அளவால் ஒரு திட்டம் விழாது என்றீர்கள். ஒரு ஆள் விழுந்துவிட்டான். இன்னும் ஐந்து ஆலை இருக்கிறது. அதில் எத்தனை அறைக்கு ஜன்னல் இருக்கிறது, எத்தனை பேருக்குத் தலைவலி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் இருபது வருஷத்துக்கு யாரும் கேட்கவும் மாட்டார்கள். கெஞ்சிக் கேட்கிறேன். என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தபோதுகூட உங்களிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். இதை நாளைக் காலை விரைவுத் தபாலில் போடுகிறேன், கையில் கிடைத்த உடனே எனக்குப் போன் செய்யுங்கள். திட்டுவதற்காவது செய்யுங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் ஆலைப் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
மச்சான்


செவ்வாய்க்கிழமை, சாயந்திரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன் வரவில்லை. எரிவாயுக்காரரும் வாட்ச்மேனின் மருமகளும்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவை அடித்தபோதும் நான் ஓடின ஓட்டத்தைப் பார்த்து, வீட்டில் பிரசவமா என்று கேட்கிறார்கள்.

நான் செய்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை.

நேற்று ஆலையின் கையடக்க மீட்டரை வாங்கிக்கொண்டு, நம் பாய்லரில் தீயைக் குறைத்து அளந்தேன். தனியாகச் செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று எங்கள் பராமரிப்பு இன்ஜினியரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அடைப்பு மூடியிருக்கும்போது இருநூற்றைந்து. கழற்றினால் எழுபது. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தோம். இன்ஜினியர் அடைப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எப்படிய்யா உனக்குத் தெரியும்?" என்றார். சொன்னேன். அவர் எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதினார். அப்புறம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மத்த அஞ்சு ஆலைக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிடறேன் என்று எழுந்து போனார். அந்த ஐந்து அறையிலும் இன்றைக்கு ஜன்னல் திறந்திருக்கிறது. முதல் தடவையாக நேற்று இரண்டு வாய் சாப்பிட்டேன்.

ரேடியோவின் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள், "இத எழுதிக் குடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் குழுத் தலைவருக்கும் எழுதிவிட்டேன். என் பாய்லர் லைசென்ஸ் எண்ணைப் போட்டு, அடைப்பைக் கழற்றியவன் நான், நிறுவனத்திலிருந்து சோதனைக்கு வந்தவருக்கு அப்போது இது தெரியாது என்று எழுதியிருக்கிறேன். அப்போது தெரியாது, அது சத்தியம். போன வாரம் நான் உங்களுக்கு எழுதியதைப் பற்றியும், நீங்கள் கிழித்ததைப் பற்றியும் அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்.

என் லைசென்ஸ் போகும். வழக்கும் வரலாம் என்று இன்ஜினியர் சொல்கிறார். வந்தால் வரட்டும். என் வீட்டுக்காரி நேற்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெருவுல நடக்கறது?" என்றாள். இன்று காலை தையல்காரர் வீட்டுக்கு அவளே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வேறு யாராவது சொல்லி அவர்களுக்குத் தெரிவதைவிட நானே சொன்னால் நல்லது என்றாள். எனக்குப் புத்தி வந்தது அங்கேதான்.

தலைவருக்கு எழுதிய கடிதத்தை இன்று சாதாரணத் தபாலில் போட்டேன். வியாழக்கிழமை போய்ச் சேரும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நாளைக் காலையில் உங்கள் மேஜையில் இருக்கும். நடுவில் உங்களுக்கு ஒரு நாள் இருக்கிறது மாப்பிள்ளை. என்னால் முடிந்தது அந்த ஒரு நாள்தான்.

படித்து முடித்ததும் எழுந்து தலைவர் அறைக்குப் போங்கள். என் அளவு தப்பு, பதினேழாம் பக்கத்தை எடுக்க வேண்டும், அந்த ஆராய்ச்சியைத் திரும்ப முதல் ஐந்து வருஷத்தில் சேர்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். மறுநாள் என் கடிதம் வரும்போது, முந்தின நாளே வந்து சொன்னவர் நீங்கள் என்று ஆகும். அந்தப் பர்னரின் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய உங்களைவிட்டால் வேறு ஆள் கிடையாது. அந்தக் கோளாறை வாய்விட்டுச் சொல்ல நான்தான் இரண்டு வருஷம் தாமதம் செய்துவிட்டேன். தகட்டைத் திருப்பினது வீண் என்றும் நான் நினைக்கவில்லை. ஜுவாலை அன்று கொஞ்சம் அமைதியாகத்தான் எரிந்தது, நான் பார்த்தேன். அங்கிருந்து பிடித்துப் போகலாம்.

தங்கச்சிக்கும் இன்று போன் செய்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கேட்காமல் சொன்னேன்.  "நான் உன்ன பக்கத்துல இருன்னுதானேண்ணே சொன்னேன்" என்றாள்.  பிறகு, "அவருக்கு எப்பக் கெடைக்கும் உன் லெட்டரு?" என்று கேட்டாள். நாளைக் காலை பத்து மணிக்குள் என்றேன். பத்து மணிக்கு உங்கள் ஆபீஸ் வாசலில் நிற்பதாகச் சொன்னாள்.

நான் நாளைக் காலை ஏழு மணி வண்டியில் ஏறுகிறேன். சாயந்திரம் அங்கே வந்துவிடுவேன். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள், தப்பாக நினைக்க மாட்டேன். தலைவரிடம் சொல்லத் தைரியம் வராவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு என் கடிதம் இருக்கிறது. என்னைக் கொலைகாரன் என்று சொல்லுங்கள், உறவே வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். தங்கச்சி வாசலில் நிற்பாள். அவளைக் கூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போங்கள். நடுவில் வேறு எங்கேயும் போக வேண்டாம். அறைக்குள் தனியாக உட்கார வேண்டாம். நான் வரும்போது நீங்கள்தான் வந்து கதவைத் திறக்க வேண்டும்.

நீங்கள் ரொம்ப வருஷம் இருக்க வேண்டும், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்